போன மணி, வந்த மணி

"மெஷின் நின்னுபோச்சு பாய்!" என்று யாராவது மூச்சிரைக்க ஓடிவருவார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட வாசலில், நூறு பேர் ஓட்டுப் போட வெயிலில் நிற்பார்கள். குழந்தைகள் அழும். வரிசையின் நடுவில் ஒரு சண்டை முளைவிட்டுக்கொண்டிருக்கும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டுக் கேட்பார்.

"எத்தனை மணிக்கு?"

"இப்பத்தான் பாய். ஒரு அஞ்சு பத்து நிமிசம் இருக்கும்."

"அஞ்சா, பத்தா?"

அந்தப் பேனாவைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிடலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. உலகமே சரிந்து விழுந்தாலும் இந்த மனுசன் எத்தனை மணிக்கு விழுந்தது என்றுதான் கேட்பார். உண்மையில் அப்படித்தான் கேட்டார். என் அப்பா இறந்த செய்தி வந்து நான் கடை ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தபோது, தோளில் கைவைத்து, கண் கலங்கி, அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்குக் கோபம் வந்தது. பிறகு வீட்டில் ஆளாளுக்கு ஒரு நேரம் சொல்லி அழுதபோது, அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை என்பது உறைத்தது. அப்பா எங்களை விட்டுப் போன அந்த நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்போது அக்காள்மடம் மெயின் ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. இந்தப் பக்கம் நடந்தால் வடகடல், அந்தப் பக்கம் நடந்தால் தென்கடல், நடுவில் மெலிந்து கிடக்கும் மணல் தீவு. காற்று ஒரு கடலில் இருந்து கிளம்பி இன்னொரு கடலுக்குப் போகிற வழியில் என் கடைக்குள் நுழைந்து தாள்களைக் கலைத்துப்போட்டுவிட்டுப் போகும். தாள்களின் மேல் சங்குகளைப் பாரமாக வைத்திருப்பேன். அந்தச் சங்குகளை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு, நீளமான ஒரு கோடு போட்ட நோட்டை விரித்து வைப்பார் அவர்.

"மூணு காப்பி, தம்பி."

"ஒண்ணு ஆபீசுக்கு. ஒண்ணு உங்களுக்கு. மூணாவது எதுக்கு பாய்?"

"ரெண்டும் தொலைஞ்சா?"

சிரிக்காமல்தான் சொல்வார். சிரிப்பு அவருக்குத் தாமதமாக வரும். நீங்கள் வேறு பேச்சுக்குப் போன பிறகு அவர் மீசை மட்டும் லேசாக அசையும்.

ஊரில் அவருக்கு டயம் பாய் என்று பெயர். வளைகுடாவில் பத்தொன்பது வருடம் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேட்டில் உட்கார்ந்திருந்தவர். உள்ளே போகிறவனின் நேரம், வெளியே வருகிறவனின் நேரம், இரண்டையும் எழுதுவதுதான் வேலை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். எழுதுகிற கையை எடுக்காமலே நேரம் பார்க்க அதுதான் வசதி என்பார். ஊருக்குத் திரும்பி வந்து வருடங்கள் ஆகியும், கைலியும் வெள்ளைச் சட்டையுமாக, அதே கேட்டில்தான் அவர் மனதளவில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு வள்ளம் எத்தனை மணிக்குக் கடலில் இறங்கியது, கரண்ட் எப்போது போனது, தண்ணி லாரி எப்போது வந்தது, எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

எனக்கு அது ஒரு நோய் என்றே பட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன். அதற்கு அவர் ஒரு கதை சொன்னார். அந்தக் கம்பெனியில் சாரத்தில் இருந்து ஒருவன் விழுந்து இறந்துபோனான். நம் பக்கத்துப் பையன், திருப்பாலைக்குடிக்காரன். அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று கம்பெனி சாதித்தது.

"எல்லாருக்கும் தெரியும் தம்பி, அவன் வந்தான்னு. கூட நின்னு சாப்பிட்டவன்கூட வாயத் தொறக்கல. என் நோட்டுல அஞ்சு அம்பத்திரண்டுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அஞ்சு அம்பத்திரண்ட அவங்களால ஒண்ணும் பண்ண முடியல."

அந்த ஐந்து ஐம்பத்திரண்டின் மேல்தான் அவர் மீதி வாழ்க்கையைக் கட்டியிருந்தார். கூச்சல் காற்றில் போய்விடும், நேரம் போகாது என்பது அவர் கட்சி. அதனால்தான் தேர்தல் நாட்களில், யாரும் நியமிக்காமல், ஒரு பைசா வாங்காமல், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். கோட்டுக்கு உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. எனவே செருப்பு நுனி கோட்டைத் தொடாமல், ஒரு விரக்கடை தள்ளி உட்காருவார். பூத் ஸ்லிப் வராதவர்கள், பெயர் விடுபட்டவர்கள், படி ஏற முடியாதவர்கள் எல்லோரும் அவரிடம் வருவார்கள். எழுதுவார். புகார் எண்ணுக்கு போன் போடுவார்.

"புகாரை எடுத்துக்கிட்டோம் சார்" என்பாள் அந்தப் பக்கத்துப் பெண்.

"எடுத்தா நம்பர் குடுங்கம்மா."

"மெசேஜ்ல வரும் சார்."

"வரட்டும். நீங்களும் ஒருக்கா வாயால சொல்லுங்க."

கட்சிக்காரர்கள் கேலி செய்வார்கள். மடிப்புக் கலையாத வேட்டியோடு ஒருவர் வந்து, "என்ன பாய், யாரு ஜெயிக்கப்போறான்னு ஒம்ம நோட்டுல இருக்கா?" என்றார்.

"அது இல்ல. நீங்க ஏழு பத்துல இருந்து கோட்டுக்கு உள்ள நின்னு கும்புட்டுக்கிட்டு இருக்கீங்களே, அது இருக்கு."

வேட்டி நகர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மீசை அசைந்தது.

வெற்றி என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? ஒரு தேர்தலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இல்லை என்று காலையில் புகார் சொன்னார். மத்தியானம் இரண்டு பலகைகள் வந்தன. அதற்குள் அந்த முதியவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பத் தூக்கிக்கொண்டும் வந்துவிட்டார்கள். பலகை வந்த நேரத்தையும் அவர் எழுதிக்கொண்டார். இன்னொரு முறை மெஷின் நாற்பத்தைந்து நிமிடம் நின்றது. வேலைக்குப் போக வேண்டியவர்கள் பாதிப்பேர் வரிசையை விட்டுப் போய்விட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து பதில் வந்தது. 'சிறு தாமதம் சரிசெய்யப்பட்டது.' அந்தக் கடிதத்தை மூன்று காப்பி எடுத்தார். நான் காசு வாங்கவில்லை. எரிச்சலில்தான் வாங்கவில்லை.

"நாப்பத்தஞ்சு நிமிசம் பாய். சிறு தாமதமாம். நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போயி ரோட்டுல உக்காந்திருக்கணும் நீங்க."

"உக்காந்தா எத்தன பேருன்னு எழுதுவான். எத்தன நிமிசம்னு எழுத மாட்டான்."

அவரோடு பேசுவது சுவரோடு பேசுவதைவிட மோசம். சுவருக்காவது பொறுமை என்று ஒரு குணம் இல்லை.

இனி ஜெபமாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரும் ஜெபமாலையும் வடகடல் கரையில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஜெபமாலையின் புருஷனுக்கு ஒரு வள்ளம் உண்டு. அந்தக் கரையில் பிழைப்பு காற்றின் கையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று விழுந்தால் வடகடலில் வள்ளம் இறக்க முடியாது. அலை கரையைத் தின்னும். உடனே சட்டி, பானை, வலை, பிள்ளைகள், கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தென்கடல் கரைக்குப் போய்விடுவார்கள். அங்கே ஓலையில் வாடி போட்டு, மாசி வரை அதுதான் வீடு. காற்று திரும்பினால் இவர்களும் திரும்புவார்கள். இரண்டு கரைக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். ஆனால் அந்த நான்கு மாதமும் வடகரை வீடுகளில் பூட்டுத் தொங்கும். பூட்டின் மேல் உப்புப் பூத்துக் கிடக்கும்.

ஜெபமாலைக்கு ஓட்டுப் போடுவதில் ஒரு தனி ருசி இருந்தது. யாருக்குப் போடுகிறாள் என்பதெல்லாம் வேறு. என் கடையில் வாக்காளர் அட்டையைக் காப்பி எடுக்க வந்தபோது அவளே சொன்னாள்.

"வள்ளத்துக்காரன் பொண்டாட்டிம்பான். மீன்காரிம்பான். கோயில்ல கூட மூத்தவன் பேரச் சொல்லி அவன் ஆத்தாம்பான். அங்கன மட்டுந்தான்ணே, ஒரு ஆபீசரு பேனாவ வச்சுக்கிட்டு எம்பேர சத்தமாப் படிக்காரு. நாலு கட்சிக்காரனும் காதத் தீட்டிக்கிட்டுக் கேக்கான். அதக் கேக்கத்தாண்ணே போறேன்."

அந்த வருடத் தேர்தல் நாளில், காலை ஏழு இருபதுக்கு, மாம்பழக் கலர் சேலையில், தலையில் கனகாம்பரத்தோடு அவள் வரிசையில் நின்றாள். ஏழு ஐம்பத்தைந்துக்கு வெளியே வந்தாள். விரலில் மை இல்லை.

"பேரு இல்லையாம் பாய். வீடு மாறிட்டேனாம். நான் எங்கன மாறுனேன்? காத்துல்லா மாறுச்சு!"

அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள். எல்லாம் வாடைக்குத் தென்கரை போய்வந்த குடும்பங்கள். ஒன்பது பேர் கையிலும் அட்டை இருந்தது. பட்டியலில் ஒருத்தர் பெயரும் இல்லை. பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்த நாட்களில் இவர்கள் வாடியில் இருந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்காகப் பார்க்கக்கூடிய ஒரே மனிதரான டயம் பாய், மகளின் பிரசவத்துக்காகத் தேவிபட்டினம் போயிருந்தார்.

அன்று அவர் வேகமாக எழுதினார். ஒன்பது பெயர், ஒன்பது வயது, ஒன்பது அட்டை எண். எட்டு ஐந்துக்கு முதல் போன். ஒன்பது பத்துக்கு இரண்டாவது. பதினொன்று முப்பதுக்கு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் ஒரு நம்பர். ஜெபமாலை பூவரச மரத்தடியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கனகாம்பரம் வாடத் தொடங்கியது. நான் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றேன்.

"பாய், ஒன்பது பேரையும் கூட்டிக்கிட்டு உள்ள போவோம். கத்துவோம். ஓட்டு நிக்கட்டும். அப்பத்தான் பெரிய ஆபீசர் வருவாரு."

"ஆபீசர் வாராரு தம்பி. ரெண்டு மணிக்குள்ளன்னு சொல்லிருக்காங்க."

"நீங்க எழுதிக்கிட்டே இருங்க. மை காஞ்சிரும்."

மூன்று ஐந்துக்கு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி கெட்டவர் இல்லை. தூக்கமில்லாத கண்கள். கையில் ஒரு கோப்பு. கோட்டருகே வந்து, ஒன்பது பேர் முன்னாலும், விரலால் ஜெபமாலை வீட்டு வரியைத் தேடி, வாசித்தார்.

"வீடு பூட்டியுள்ளது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், குடும்பத்தினர் செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டு சென்றுவிட்டதாகத் தெரிகிறது."

ஆறு பத்து. இந்தத் தீவில் ஆறு மணி என்பவன் உண்டு, விடியக்காலம் என்பவன் உண்டு. ஆறு பத்து என்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான். ஒன்பது பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா பாய்?" என்றாள் ஜெபமாலை.

"நான்தான் தங்கச்சி. ஆறு பத்து. நான்தான் சொன்னேன்."

வாடை மழையில் நனைந்து, படிவங்களைப் பிளாஸ்டிக் பையில் மார்போடு அணைத்துக்கொண்டு, வீடு வீடாக வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஒரு பெண் வந்திருக்கிறாள். இவர் வீட்டில்தான் டீ குடித்திருக்கிறாள். இந்த வீடெல்லாம் எப்போதிலிருந்து பூட்டிக்கிடக்கிறது என்று கேட்டிருக்கிறாள். ஆயுளில் முதன்முறையாக ஒரு அரசாங்க ஆள் அவரிடம் நேரத்தைக் கேட்கிறார். நோட்டைப் பார்த்து, வீடு வீடாக, கிழமையோடு, நிமிடத்தோடு சொல்லியிருக்கிறார். மாசியில் வந்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது கேட்டில் இருந்தவனின் பழக்கம். அதோடு, அந்தக் கரையில் அதை யாருமே சொல்ல மாட்டார்கள். வாடைக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதை, நாளைக்கும் விடியும் என்பதைப் போல, வாய்திறந்து சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றாது.

ஜெபமாலை எழுந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"போன மணிய எழுதுனீரு. நாங்க வந்த மணிய எழுதலையா பாய்?"

அவர் முகத்தில் ஏதோ எரிந்தது. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பழைய நோட்டோடு திரும்பிவந்து, அதிகாரியின் முகத்துக்கு நேரே விரித்தார். மாசி மாதத்துப் பக்கம். ஜெபமாலை குடும்பம், வெள்ளிக்கிழமை, காலை ஏழு நாற்பது, வந்தாச்சு. அதற்குக் கீழே மற்ற எட்டுப் பேர் வீடுகளும்.

அதிகாரி பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"இது ஆதாரம் ஆகாது பாய். நீங்களா எழுதி வச்சிருக்கிறது."

"போனதும் நான் சொன்னதுதானய்யா?"

"அது கள விசாரணை."

"போனதுக்கு என் வாய்ச்சொல் போதும். வந்ததுக்கு என் எழுத்து போதாதா?"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் பெரிதாக உயரவில்லை. அதிகாரி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பட்டியல் முடிந்துவிட்டது, இன்று தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, புதிதாக விண்ணப்பம் கொடுங்கள், அடுத்த தேர்தலில் போடலாம் என்றார். ஜீப் போய்விட்டது. அது கிளம்பிய நேரத்தை அவர் எழுதவில்லை. நான் கவனித்தேன்.

ஆறு மணிக்குப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசியில் இருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். வெளியே ஒன்பது பேரும் இன்னும் போகவில்லை. அவர் கடைசியாக ஒருமுறை போன் போட்டார். சிக்னல் இல்லாமல் கத்த வேண்டியிருந்தது. ஒன்பது பெயரையும் ஒவ்வொன்றாக, அந்தப் பக்கத்துக்குப் புரியும்வரை, இரண்டு மூன்று தரம் சொன்னார். ஜெபமாலை தன் பெயரைக் கேட்டதும் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். காலையில் இருந்து அந்தப் பெயரை ஒருவர் சத்தமாகப் படிப்பதைக் கேட்கத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். இப்படி அல்ல.

"யார் மேல சார் புகார்?" என்று கேட்டிருப்பாள் போல போனில் அந்தப் பக்கத்துப் பெண்.

அவர் தன் பெயரைச் சொன்னார். வாப்பா பெயரைச் சொன்னார். வீட்டு இலக்கத்தைச் சொன்னார்.

"ஆமாம்மா, நான்தான் பேசுறேன். என் மேலதான். பாதித் தகவல் குடுத்து ஒம்பது பேரு ஓட்டக் கெடுத்தது. எழுதிக்கிட்டீங்களா? நம்பர் குடுங்க."

பதினோரு நாள் கழித்து மெசேஜ் வந்தது. உங்கள் புகார் தீர்வு செய்யப்பட்டது. நன்றி. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மூன்று காப்பி எடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, சங்குகளைத் தாள்களின் மேல் ஒவ்வொன்றாக எடுத்துவைத்துவிட்டுப் போனார்.

ஒன்பது பேருக்கும் விண்ணப்பம் அவர்தான் நிரப்பினார். என் கடையில்தான் காப்பி எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் வந்தது. பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. சித்திரை போனது, ஆடி போனது, பரிசீலனையிலேயே இருந்தது. நான் தாலுகா ஆபீசுக்கு இரண்டு முறை அவரோடு போனேன். இரண்டாவது முறை நான்தான் கத்தினேன். ஒரு நாற்காலியைக்கூட உதைத்தேன். அதனால் ஆனது, நாற்காலியின் கால் ஆடியதுதான். அவர் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, வாங்க தம்பி என்றார்.

அந்த ஐப்பசியில் வாடை சீக்கிரமே விழுந்தது. ஒரு விடியலில் தென்னந்தட்டிகள் படபடக்க, ஜெபமாலை வீட்டில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பெரிய அண்டாவை ஒரு கை பிடிக்க நானும் போயிருந்தேன். பக்கத்து வாசலில் வழக்கம்போல் நாற்காலி கிடந்தது. அவர் அதில் உட்கார்ந்திருந்தார். வண்டியில் முதல் சாமான் ஏறியதும் எழுந்து, கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜெபமாலை அதைப் பார்த்தாள். கடைசிக் கோழியையும் கூடையில் அடைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கதவைத் தட்டினாள்.

"ஏ பாய். உள்ள என்ன ஒளிஞ்சு விளையாட்டு? கெளம்பிட்டோம். மணி ஆறரை. எழுதிக்கிடும்."

மறுபடியும் தட்டினாள்.

"ஒம்மத்தான். எழுதாட்டி நாங்க போனதாவே ஆகாதா? எழுதும் பாய்."

கதவு திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால், மிக அருகில், அந்தக் குரல் மட்டும் வந்தது.

"வர்ற மணிய வந்து சொல்லு தங்கச்சி. போற மணி எனக்கு வேண்டாம்."